எத்திக்ஸ் கமிட்டி அனுமதி: ரத்த சாம்பிள் வைத்து ப்ராஜெக்ட் செய்யப்போகிறவர்களுக்கு

எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி கடைசி செமஸ்டரில் 32 பேரிடம் ரத்தம் வாங்கி, 32 ட்யூபையும் கழிவுப் பையில் போட்டவள் நான். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு நியாயமானதா என்று பார்த்து அனுமதி தருவது எத்திக்ஸ் கமிட்டி. அது கொடுத்த கடிதத்தில் இருந்த தேதி பிப்ரவரி 19. நான் ரத்தம் எடுத்தது ஜனவரியில். "நீ ஆரம்பிம்மா, பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பினேன். யார், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். முன்தேதியிட்டு அனுமதி கொடுக்கும் வழக்கம் எத்திக்ஸில் கிடையாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம், எண்ணூர் பக்கத்திலிருந்து கலைக் கல்லூரிக்குப் போய் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி படிக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நம் கல்லூரியில் பெரும்பாலும் எத்திக்ஸ் கமிட்டி இருக்காது. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இருக்காது. என் கூடப் பள்ளியில் படித்தவள் இயற்பியல் எடுத்து நட்சத்திரங்களைப் பற்றி ப்ராஜெக்ட் செய்தாள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் காயா விண்கலம் அளந்த சுமார் 180 கோடி நட்சத்திரங்களின் தரவு, 2022 ஜூனில் வந்த மூன்றாம் தொகுப்பு, இணையத்தில் இலவசம். ராத்திரி வேண்டிய பகுதியை இறக்கிவிட்டுக் காலையில் வேலையை ஆரம்பித்துவிட்டாள். நட்சத்திரத்திடம் யாரும் கைநாட்டு வாங்க வேண்டியதில்லை. நமக்கு அப்படி நடக்காது.

என் தலைப்பையும் சொல்லிவிடுகிறேன், கீழே உதாரணங்களுக்கு அதுதான் வரும். ஒரே ஆளின் ரத்தத்தை உடனே சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றி ரத்த அணுக்களைத் தனியே பிரிக்கும் கருவி) சுற்றினால் பொட்டாசியமும் சர்க்கரையும் எவ்வளவு, மூன்று மணி நேரம் கழித்துச் சுற்றினால் எவ்வளவு. கேட்க சின்ன விஷயம். ஆனால் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ஆறுக்கு மேல் வந்தால் இதயத் துடிப்பு கெடுமோ என்று டாக்டர் பதறுவார். அந்த ஆறு நோயாளியின் உடம்பில் இல்லாமல் ட்யூபில் மட்டும் உண்டானதாக இருந்தால், தேவையில்லாத மருந்தோ இன்னொரு ஊசிக் குத்தோ அவர் தலையில் விழும்.

1. இன்றைக்கே போய் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்

தலைப்புகூட முடிவாகியிருக்காது, பரவாயில்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் டோஸிலிருந்து ஆறாவது மாதம் ஒன்று. ஆகஸ்டில் ஆரம்பித்தால் பிப்ரவரியில்தான் முடியும். வழக்கமான முறையில் இதற்கு ஆறு மாதம் ஆகும் என்பதால்தான் இதை முதல் படியாக வைத்தேன். மூன்றாவது டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பார்த்தால், 10 மில்லி யூனிட்டும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பொருள்.

தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம். எல்லோரும் இரண்டாவதற்குத்தான் பயப்படுகிறோம்.

குழந்தையில் போட்டிருப்பார்கள் என்று வீட்டில் சொன்னால், அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். என் அட்டை ஒரு மழைக்கால வெள்ளத்தில் போனது. மறுபடியும் மூன்று டோஸ் போட்டேன். கெடுதல் ஒன்றும் இல்லை.

2. உங்கள் வேலை எந்த வகை என்று பாருங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டிதான் எல்லாக் கமிட்டிக்கும் அடிப்படை. அதன்படி பரிசீலனை மூன்று வகை: விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் கமிட்டிப் பரிசீலனை. ஆபத்தே இல்லாத வேலைக்கு விலக்கு. மிகக் குறைந்த ஆபத்து உள்ளதை ஓரிரு உறுப்பினர்கள் மட்டும் படித்துப் பார்க்கலாம். மற்றதெல்லாம் கூட்டத்துக்குப் போகும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. "நம்மது விலக்கு வகைதான்" என்று நீங்களோ உங்கள் கைடோ முடிவு செய்ய முடியாது. விலக்கு உண்டு என்பதையும் கமிட்டிதான் கடிதத்தில் எழுதித் தர வேண்டும்.

தலைப்பை வளைக்க இடமிருந்தால் ஒன்று சொல்வேன். லேபில் டெஸ்ட் முடிந்து மிஞ்சும் ரத்தத்தை, பெயரும் ஓ.பி. நம்பரும் நீக்கி, யாருடையது என்று திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி வைத்து வேலை செய்ய முடியுமா என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட ஆய்வில் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு தர கமிட்டிக்கு அதிகாரம் உண்டு. அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், தானாக வராது. எனக்கு யாராவது இதை ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தால் தலைப்பையே மாற்றியிருப்பேன்.

3. எந்தக் கமிட்டி, எந்தக் கையெழுத்து

ஸ்டான்லி போன்ற மருத்துவக் கல்லூரிகளுக்குச் சொந்தக் கமிட்டி உண்டு. நான் போனது வேறு இடம். எங்கே போனாலும், அந்தக் கமிட்டி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள். 2019-ல் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட ஆய்வுகளைப் பரிசீலிக்கும் கமிட்டிகள் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டுரையாக வெளியிட நினைத்தால் தேவைப்படும்.

கமிட்டி அனுமதி வேறு, ஆஸ்பத்திரி நிர்வாக அனுமதி வேறு. இதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். இந்த ஆய்வு நியாயமானது என்று கமிட்டி சொல்லும். எங்கள் வார்டுக்குள் வரலாம் என்று டீனோ கண்காணிப்பாளரோ சொல்ல வேண்டும். துறைத் தலைவர் ஒப்புதல் மூன்றாவது. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாம்பிள் எடுப்பதாக இருந்தால் ரிப்பன் மாளிகையில் உள்ள பொது சுகாதாரத் துறையில் தனியாக அனுமதி கேட்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் மெடிக்கல் ஆபீசர் நல்லவராக இருந்து "சரிம்மா" என்று சொன்னால் போதாது.

கமிட்டி அலுவலகத்துக்கு முதல் தடவை போகும்போது நான்கு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டம் எப்போது? அதற்குப் பேப்பர் கொடுக்கக் கடைசி நாள் எது? எத்தனை பிரதி? வெளிக்கல்லூரி மாணவருக்குக் கட்டணம் உண்டா? மாதம் ஒரு கூட்டம் போடும் இடமும் உண்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று போடும் இடமும் உண்டு. கடைசி நாளை ஒரு நாள் தவறவிட்டால் செமஸ்டரில் பாதி போய்விடும்.

கூட்டம் தள்ளிப்போனால் வீம்பு என்று நினைக்காதீர்கள். கமிட்டியில் ஏழு முதல் பதினைந்து பேர் இருப்பார்கள். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியில் உள்ளவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர், சமூகவியல் தெரிந்தவர், பொதுமக்களில் ஒருவர் எல்லாம் உண்டு. குறைந்தது ஐந்து பேர் வராவிட்டால் கூட்டம் செல்லாது. வக்கீலுக்குக் கோர்ட்டில் கேஸ் வந்தால் நம் கதை அடுத்த மாதத்துக்கு.

4. பேப்பர்கள்

இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். எனக்குக் கேட்டவை இவை:

முகப்புக் கடிதம், கமிட்டியின் உறுப்பினர் செயலர் பெயருக்கு. ஆய்வுத் திட்டம். யாரைச் சேர்ப்போம், யாரைச் சேர்க்க மாட்டோம் என்ற பட்டியல். நோயாளியிடம் குறித்துக்கொள்ளும் விவரத்தாள். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், தமிழிலும் ஆங்கிலத்திலும். மொழிபெயர்ப்பு சரி என்று ஒருவர் கொடுத்த சான்று. என் பயோடேட்டா, கைடின் பயோடேட்டா, இரண்டிலும் கையெழுத்தும் தேதியும். கல்லூரித் துறைத் தலைவர் கடிதம். ஆஸ்பத்திரி பக்கத்து இணை ஆய்வாளரின் சம்மதம். செலவுக் கணக்கு, யார் பணம் என்ற விவரத்துடன். இதில் எனக்குச் சொந்த லாபம் ஏதும் இல்லை என்ற உறுதிமொழி.

ஆஸ்பத்திரி பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் உள்ளே போக முடியாது. பயோகெமிஸ்ட்ரி துறையில் ஓர் உதவிப் பேராசிரியரை முதலிலேயே பிடியுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். காலையில் அவர்கள் லேபில் சாம்பிள் குவிந்துகிடக்கும். அந்த நேரத்தில் போய் நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை.

ஒவ்வொரு பேப்பரின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள்: "பதிப்பு 1, தேதி இன்னது". திருத்தினால் பதிப்பு 2. எனக்குத் திரும்பி வந்த முதல் காரணமே இதுதான். ஆங்கிலப் படிவத்தில் 5 மில்லி ரத்தம் என்று இருந்தது, தமிழில் 3 மில்லி. நடுவில் திட்டத்தை மாற்றியவள் தமிழை மாற்ற மறந்துவிட்டேன்.

5. தமிழ் ஒப்புதல் படிவம்

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். இணையத்தில் கிடைக்கும் யாருடைய படிவத்தையோ எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றுவதுதான் நடைமுறை. நானும் அதைத்தான் செய்தேன். அதில் ஒரு வரி: "இவ்வாய்வில் பங்குபெறுவதால் தங்களுக்கு யாதொரு இடையூறும் ஏற்படாது என உறுதியளிக்கப்படுகிறது." கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "ஊசி குத்தினா வலிக்காதாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

மாற்றி எழுதியது இது: "ஊசி குத்தும்போது வலிக்கும். சிலருக்கு அந்த இடம் ஓரிரு நாள் கன்றிப்போகலாம். எடுக்கும் ரத்தம் 5 மில்லி, ஒரு டீஸ்பூன் அளவு. நீங்கள் சேராவிட்டாலும் இங்கே உங்களுக்குக் கிடைக்கும் வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். இதற்காக நீங்கள் பணம் எதுவும் கட்ட வேண்டாம்."

படிவத்தை எழுதி முடித்ததும் உங்கள் தெருவில், படிப்பு அதிகம் இல்லாத இரண்டு பேருக்குப் படித்துக் காட்டுங்கள். ஜனவரியில் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் ஆயா என்னிடம் கேட்டார்: "இன்னா பாப்பா, என் ரத்தத்த எங்க கொண்ட்டு போய் விக்கப் போறே?" கமிட்டிக்கு எழுதும்போது எனக்குத் தோன்றாத கேள்வி. அடுத்த பதிப்பில், "உங்கள் ரத்தம் விற்கப்படாது, வேறு எந்த ஆய்வுக்கும் கொடுக்கப்படாது, ஆய்வு முடிந்ததும் முறைப்படி அழிக்கப்படும்" என்று சேர்த்தேன். அவர் கொடுத்த ரத்தமும் அந்த 32-ல்தான் போனது.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கலாம், ஆனால் ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி ஆய்வோடு சம்பந்தம் இல்லாதவராக இருக்க வேண்டும். உங்கள் வகுப்புத் தோழியோ உங்களுக்கு உதவும் ஸ்டாஃப் நர்ஸோ கூடாது. கூட வந்த உறவுக்காரர் சரி. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. அதோடு 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12-க்கு மேற்பட்டவரிடம் எழுத்திலும் சம்மதம் வாங்க வேண்டும். முதல் ப்ராஜெக்டில் குழந்தைகளைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

நம் பகுதியில் இன்னொன்று. வீட்டில் தெலுங்கும் உருதுவும் பேசுகிறவர்கள் நிறைய, மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களும் நிறைய. தமிழ் தெரிந்தவர்களை மட்டும் சேர்ப்பேன் என்றால் ஏன் என்று கமிட்டி கேட்கும். சேர்ப்பேன் என்றால் அந்த மொழியில் படிவம் எங்கே என்று கேட்கும். நான் தெலுங்குப் படிவம் சேர்த்தேன். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தெலுங்கு டீச்சர் எழுதிக் கொடுத்தார், சான்றும் அவரே கொடுத்தார்.

கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதியை அவர்களுக்கே கொடுக்க வேண்டும். ஆகவே ஆளுக்கு இரண்டு பிரிண்ட். உங்கள் போன் நம்பரும், புகார் சொல்ல வேண்டுமானால் கமிட்டி அலுவலக நம்பரும் அதில் இருக்க வேண்டும்.

6. எத்தனை பேர்

"சீனியர் 50 எடுத்தாங்க, நானும் 50" என்பது பதிலாகாது. ஒரு குறை எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கும் என்று பார்க்கும் எளிய ஆய்வுக்கு நான்கு பி க்யூ வகுத்தல் டி ஸ்கொயர் என்ற சூத்திரம் புழக்கத்தில் உண்டு. பி என்பது அந்தச் சதவீதம், க்யூ என்பது நூறில் மீதி, டி என்பது எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது. முந்தைய ஆய்வொன்றில் 10 சதவீதம் என்று இருந்து, ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று வைத்தால்: 4 பெருக்கல் 10 பெருக்கல் 90 வகுத்தல் 25, அதாவது 144 பேர். என்னுடையது போல ஒரே ஆளின் இரண்டு அளவை ஒப்பிடும் ஆய்வுக்குக் கணக்கு வேறு. புள்ளியியல் ஆசிரியரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து, அவர் சொன்னதை அப்படியே திட்டத்தில் எழுதுங்கள்.

7. கூட்டமும் கடிதமும்

ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். ஸ்லைடு ஆறு ஏழு போதும். உயிர்வேதியியல் பெருமையை அங்கே காட்ட வேண்டாம். வக்கீலும் சமூக சேவகரும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரிடம், எவ்வளவு, எப்போது, எதற்கு, அப்புறம் அது எங்கே போகும் என்பதைத்தான் கேட்பார்கள். என்னைத் திணறடித்த கேள்வி வேறு: "உன் டெஸ்டில் ஒருத்தருக்கு சர்க்கரை 400 வந்தால் என்ன செய்வாய்?" அதுவரை ஒவ்வொரு சாம்பிளும் எனக்கு வெறும் நம்பர். அந்த நோயாளியின் டாக்டருக்கு அன்றைக்கே யார் மூலம் தகவல் சொல்வேன் என்பதைத் திட்டத்தில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

முடிவு பெரும்பாலும் "திருத்தத்துடன் ஒப்புதல்" என்று வரும். அது ஒப்புதல் இல்லை. திருத்திக் கொடுத்து, கையெழுத்திட்ட இறுதிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் ஒப்புதல். நான் மாட்டியது சரியாக இந்த இடைவெளியில்தான்.

கடிதம் வாங்கியதும் கவுன்டரிலேயே நின்று படியுங்கள். தலைப்பு எழுத்துக்கு எழுத்து சரியா, பதிப்பு எண்ணும் தேதியும் சரியா, வந்திருந்த உறுப்பினர் பட்டியல் இருக்கிறதா, எத்தனை காலத்துக்குச் செல்லும். ஒரு சொல் மாறியிருந்தாலும் அங்கேயே சொல்லுங்கள். வைவா அன்றைக்கு வெளித்தேர்வாளர் கையில் அதை வைத்துக்கொண்டு விளக்க முடியாது.

மருந்து கொடுத்தோ, உணவு மாற்றியோ பார்க்கும் ஆய்வாக இருந்தால் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் தேசியப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே பின்தேதிப் பதிவு கிடையாது. கட்டணம் இல்லை, ஆனால் படிவம் நீளம்.

காலக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்டில் தலைப்பு, செப்டம்பரில் படிவங்கள், அக்டோபரில் கமிட்டிக்கு, டிசம்பருக்குள் கடிதம், ஜனவரியில் ரத்தம். நான் டிசம்பரில்தான் கொடுத்தேன்.

8. ரத்தம் எடுக்கும் நாள்

எடுப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். பயிற்சி பெற்ற ஃபிளபாட்டமிஸ்டோ ஸ்டாஃப் நர்ஸோ எடுக்கட்டும். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள், ஏனென்றால் பாதித் தவறு அங்கேயே நடக்கும்.

பர்ப்பிள் மூடி ட்யூபில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ. அதிலிருந்து ஒரு சொட்டு சிவப்பு மூடி ட்யூபுக்குப் போனாலும் பொட்டாசியம் கூடி, கால்சியம் குறைந்து காட்டும். அதனால்தான் வரிசை: நீலம், பிறகு சிவப்போ மஞ்சளோ, பிறகு பர்ப்பிள், கடைசியில் சாம்பல். நிறைந்துபோன பர்ப்பிள் ட்யூபிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிச் சமாளிக்கும் கைகளை என் கண்ணால் பார்த்தேன்.

சர்க்கரை பார்க்க சாம்பல் மூடி. சாதாரண ட்யூபில் சுற்றாமல் வைத்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். அறை வெப்பத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும். சிரிஞ்சால் வேகமாக இழுத்தாலோ, ட்யூபைக் குலுக்கினாலோ சிவப்பணு உடைந்து சீரம் (ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் நீர்) இளஞ்சிவப்பாகும்; அதில் பொட்டாசியம் பார்த்துப் பயனில்லை. ட்யூபை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். உறைய அரை மணி நேரம் விட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

சாம்பிளை ஆஸ்பத்திரியிலிருந்து கல்லூரி லேபுக்கு எடுத்துப்போகிறவர்கள் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். ரத்தத்தை அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்தால் நல்லது என்று நினைப்போம். குளிரில் அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஷேர் ஆட்டோ முக்கால் மணி நேரம் நின்றால், பெட்டிக்குள் இருக்கும் ரத்தம் பொய் சொல்லப் பழகிவிடும். ஆஸ்பத்திரியிலேயே சுற்றி, சீரத்தைப் பிரித்து, அதன் பிறகு ஐஸில் வையுங்கள். ட்யூப், அதைச் சுற்றிப் பஞ்சு, கசியாத டப்பா, அதற்கு வெளியே பெட்டி என்று மூன்று அடுக்கு. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற வேலை வேண்டாம்.

லேபிள் நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே ஒட்டப்பட வேண்டும், ரத்தம் எடுத்த கையோடு. முன்கூட்டியே ஒட்டிவைத்த காலி ட்யூப்கள்தான் ஆள் மாறிப்போவதற்குக் காரணம். ஆஸ்பத்திரிக்குப் போகும் ட்யூபில் பெயரும் எண்ணும், உங்கள் ட்யூபில் ஆய்வுக் குறியீடு மட்டும். எந்தக் குறியீடு யாருக்கு என்ற பட்டியல் தனி நோட்டில், பூட்டில்.

9. கழிவும் ஊசிக் குத்தும்

2016 மருத்துவக் கழிவு விதிப்படி, ஊசியை, குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும்; ஊசி நீக்கிய சிரிஞ்ச், கையுறை, பிளாஸ்டிக் ட்யூப் சிவப்புப் பையில், ரத்தம் நனைந்த பஞ்சு மஞ்சளில், கண்ணாடி நீலத்தில். மிஞ்சிய சாம்பிளை முதலில் லேபிலேயே கிருமி நீக்க வேண்டும். கிருமி நீக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கல்லூரி லேபுக்குக் கழிவு எடுக்கும் ஏற்பாடு இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வாருங்கள். மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் ஒரு ட்யூப் போனாலும், அதைப் பிரிப்பது கையுறை கிழிந்த ஒரு தூய்மைப் பணியாளராக இருக்கும்.

ஊசி மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம். உடனே கேஷுவாலிட்டிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டு விழும் என்று மறைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். திட்டு ஒரு நாள்தான்.

10. செலவு

என் கணக்கு: 46 பக்கம், 12 பிரதி, பக்கத்துக்கு ஒரு ரூபாய், 552. ஸ்பைரல் பைண்டிங் நாற்பது வீதம் 480. திருத்தத்துக்குப் பிறகு மறுபடியும் அதே 1,032. திருத்திய பக்கங்களை மட்டும் கொடுத்தால் போதும் என்று பிறகு தெரிந்தது, முதலிலேயே கேட்டிருக்கலாம். பேப்பர் மொத்தமாக வேண்டுமானால் பிராட்வே ஆண்டர்சன் தெரு. கையுறை, பஞ்சு, ட்யூப் வாங்க பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெரு. பாக்கெட்டாக வாங்கி நான்கு பேர் பிரித்துக்கொண்டோம். ட்யூபில் காலாவதித் தேதி பாருங்கள், காலாவதியானால் உள்ளே இழுக்கும் வெற்றிடம் குறைந்துவிடும்.

ரீஏஜென்ட் செலவு ஆஸ்பத்திரி லேப் தலையிலோ நோயாளி தலையிலோ விழக் கூடாது. யார் தருகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று காரிடாரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; கமிட்டிக் கட்டணம் எதுவானாலும் ரசீதோடுதான் வரும்.

11. முடிந்த பிறகு

நடுவில் எண்ணிக்கையையோ ட்யூபையோ வார்டையோ மாற்றினால் முதலில் திருத்த மனு, பிறகு வேலை. முடிந்ததும் ஒரு பக்க நிறைவறிக்கை கமிட்டிக்குக் கொடுங்கள். அடுத்த வருடம் உங்கள் கல்லூரியிலிருந்து போகும் பிள்ளைக்கு அங்கே முகம் இருக்கும்.

ஒப்புதல் படிவங்களை ஆய்வு முடிந்து குறைந்தது மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வீட்டில் வைக்காதீர்கள். நான் அரிசி டிரம்முக்கு மேலே ஒரு பையில் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதையும் சேர்த்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். தராசில் ஏறிய பையைத் தெருமுனை வரை ஓடிப்போய்த்தான் மீட்டேன். மறுநாளே எண்ணி, பட்டியல் போட்டு, துறைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைடிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.